காலி ஜீப்புல எறங்கி வந்த காலேஜ்

ஆள் ஏத்துன ஜீப்புக்கு ஒரு சத்தம். காலி ஜீப்புக்கு வேற சத்தம்...

போடிமெட்டுல இருந்து காலியா எறங்குறப்ப பின்கதவுச் சங்கிலி கடகடன்னு அடிக்கும். சீட்டுத் தகரம் குதிக்கும். வளைவுக்கு வளைவு யாரோ காதுக்குள்ள டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப வருசமாச்சு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தம்பிகளா. போன்ல பேசுனா அதுவே எழுதிக்கிது. தப்பிருந்தா மருமக திருத்திருவா.

எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டுனவன் நான். விடியமுன்ன போடியில இருந்து ஏலக்கா எடுக்குற பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு மலையேறணும். எறக்கி விட்டுட்டு காலியா கீழ வரணும். சாயந்தரம் காலியா மேல போயி அவுகளைக் கொண்டாரணும். அம்புட்டுத்தான் சோலி.

அப்பத்தான் யுனிவர்சிட்டிக்காரவுக போடியில ஒரு காலேஜ் தொறந்தாக. கட்டடம் கெடையாது. ஏலக்கா வியாபாரி ஒருத்தரு தன்னோட குடோனைச் சும்மா குடுத்தாரு. ஒரு பக்கம் மூடை, ஒரு பக்கம் பெஞ்சு. உள்ள நொழைஞ்சா பாயசத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி வாசம்...

ஆனா புள்ளைக வரல. வசதியிருந்தவுக மதுரைக்கு அனுப்பிட்டாக. இல்லாதவுக வேலைக்கு அனுப்பிட்டாக. பொறுப்புல இருந்த வாத்தியாரு ஜீப்பு ஸ்டாண்டுக்கு டீ குடிக்க வர்றப்பல்லாம் பொலம்புவாரு.

"அண்ணே, இந்த வருசம் பெஞ்சு நெறையலைன்னா காலேஜை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

மேல ஒரு எஸ்டேட்டுல முத்துப்பேச்சின்னு ஒரு பொம்பளை. புருசன் இல்ல. வேலையாளுகளுக்கு வரிசையா வீடு கட்டி விட்டிருப்பாகளே, லயம்னு சொல்றது, அதுல இருந்தா. மக ஈஸ்வரி பன்னெண்டாவது முடிச்சிட்டு ஆத்தாகூட காயெடுக்கப் போறதா இருந்தா. மேலயிருந்து பஸ்சு உண்டு. ஆனா அது போடி வந்து சேர்றப்ப பாதிக் காலேஜ் முடிஞ்சிருக்கும்.

ஒரு நா ஆள் எறக்கிட்டு வண்டியத் திருப்புறேன்... முத்துப்பேச்சி முன்னாடி வந்து நின்னா.

"அண்ணே, காலியாத்தான எறங்குறீக. எம்மகளைக் கூட்டிட்டுப் போயி காலேஜ்ல விடுங்க. சாயந்தரமும் காலியாத்தான ஏறுறீக."

ஒத்தைப் பொம்பளப் புள்ளைய காட்டு ரோட்டுல ஏத்திட்டுப் போக எனக்கு மனசு ஒப்பல. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யாரு பதில் சொல்றது? அதை மொகத்துக்கு நேரா சொல்ல முடியாம கேலியாச் சொல்லி வச்சேன்.

"ஒரு ஆளுக்கெல்லாம் வண்டி எடுக்க மாட்டோம் ஆத்தா. லோடு சேத்துக் கொண்டா, போவோம்."

ஜீப்புக்காரன் பேச்சு அது. அவ போயிட்டா. அத்தோட விட்டுச்சுன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழமை லீவுல அவ லயம் லயமா ஏறி எறங்கியிருக்கா. திங்கக்கெழமை ஆள் எறக்கிட்டுத் திரும்புறேன், பனிக்குள்ள ஒரு கூட்டம் நிக்கிது. ஸ்வெட்டரு, தூக்குச்சட்டி, எண்ணெ வச்சு வாரின தலை... எல்லாம் பொம்பளப் புள்ளைக.

"லோடு கேட்டீகள்ல அண்ணே. பத்தலைன்னா சொல்லுங்க, பக்கத்து எஸ்டேட்டுல இன்னும் இருக்குதுக."

நான் எறங்கிப் பின்னாடி போனேன். பின்கதவைத் தொறந்து விட்டேன்.

வாத்தியாரு அன்னைக்கே அம்புட்டுப் பேரையும் சேத்துக்கிட்டாரு. ஸ்டாண்டுல டிரைவருக கிண்டல் பண்ணுனானுக. "என்ன மாமா, காலேஜ்ல வேலையாம்ல? எங்களையும் சேத்து விடுங்க."

அந்த வருசக் கடைசியில மேலிடத்துல இருந்து காலேஜைப் பாக்க வந்தாக. வைக்கிறதா எடுக்குறதான்னு முடிவு பண்ற நாளு. அன்னைக்குன்னு ஒரு லாரி வளைவுல மாட்டி ரோடு அடைச்சுக்கிருச்சு. மழை வேற. வாத்தியாரு வந்தவுகளுக்கு ஏலக்கா டீயா ஊத்தி ஒக்கார வச்சிருந்தாராம். இங்க வண்டிக்குள்ள புள்ளைக அழுகுதுக.

ஈஸ்வரி குதிச்சு எறங்கிட்டா. "அழுதா லாரி நகருமாடி? வாங்க, நடப்போம்."

சேத்துல எறங்கி லாரியச் சுத்திக்கிட்டுப் போனோம். கீழ எங்க ஸ்டாண்டு வண்டி ஒண்ணு ஏற முடியாம நின்னுச்சு. என்னைக் கிண்டல் பண்ணுன பயலோட வண்டி.

"மாப்ளே, வெரசா திருப்புடா. காலேஜ் லோடு."

ஒரு கேள்வி கேக்கல. திருப்பிட்டான்.

முட்டி வரைக்கும் சேறோட புள்ளைக குடோனுக்குள்ள நொழைஞ்சதுகளாம். எங்கேருந்தும்மா வர்றீங்கன்னு வந்த பெரியவரு கேட்டிருக்காரு. "மேலயிருந்து சார். லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னாளாம் ஈஸ்வரி. அவரு ரொம்ப நேரம் அந்தக் காலுகளையே பாத்துக்கிட்டு இருந்தாராம்.

காலேஜ் போடியிலயே நின்னுச்சு.

அடுத்த வருசம் அந்த டிரைவருகளே ஆளுக்கொரு எஸ்டேட்டுன்னு பிரிச்சுக்கிட்டானுக. புள்ளைககிட்ட எவனும் காசு வாங்கல. பக்கத்து ராசிங்காபுரத்துல வெவசாயம் பாக்குற சம்சாரிக நெலம் குடுத்தாக. வியாபாரிக கூரை போட்டாக. காயெடுக்குற பொம்பளைக ஆளுக்கு ஒரு நா கூலிய முத்துப்பேச்சி முந்தியில முடிஞ்சு அனுப்புனாக. அதை நெனச்சா இப்பவும் நெஞ்சு நெறையுது...

இப்ப போயிப் பாருங்க. மாடி மாடியா கட்டடம், லேபு, கம்ப்யூட்டரு. எங்கெங்கேயோ இருந்து புள்ளைக. ஈஸ்வரி மலைக்கு மேல பூப்பாறைப் பக்கம் டீச்சரு. அவ படிக்க வச்ச புள்ளைகளும் இங்கதான் வருதுக.

ஒரு கொறைதான். பொம்பளப் புள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்ட ஆரம்பிச்சு, பணம் வராம பாதியில நிக்கிது. கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. மழைக் காலத்துல ரோடு அடைச்சா மலைப் புள்ளைகளுக்கு அன்னைக்குப் படிப்பு இல்ல. கவர்மெண்டுல இருக்கவுக, அங்க படிச்சு மேல வந்தவுக, யாராச்சும் இதைப் படிச்சா மனசு வைங்க.

இப்ப ஜீப்பு ஓட்டுறது எம்மகன். போன வாரம் மேல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு காலேல அவன்கூட எறங்கி வந்தேன். பின்னாடி அம்புட்டும் காலேஜ் புள்ளைக. ஒரே பேச்சு, சிரிப்பு. சங்கிலிச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிப் பாத்தேன்... ஒண்ணும் கேக்கல.

மெட்டுல ரெண்டு புள்ளைக பனிக்குள்ள நின்னு கை காட்டுச்சுக.

எம்மகன் வண்டிய மெதுவாக்கி எட்டிப் பாத்துச் சொன்னான்.

"எடமில்ல தாயி. அடுத்த வண்டியில வாங்க."