பள்ளிக்கூடத்து நாலணா

நான் டீச்சர் வேலைக்கு வந்ததும் நாட்டுக்கு நயா பைசா வந்ததும் ஒரே வருஷத்தில்தான். இரண்டைப் பற்றியும் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசை அரசாங்கம் மாற்றியது, எனக்கு வேலையை அப்பா பார்த்துப் பிடித்தார். சேலத்தில் மாதா கோயில் பூசைக்குப் போவதும் தம்பிகளோடு சண்டை போடுவதுமாக இருந்தவளை, ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த வேண்டும். வேலை தற்காலிகம்.

பள்ளிக்கூடம் அரசாங்க மானியத்தில் நடந்தது. மேனேஜர் அந்த ஊர் நெசவு முதலாளி. ஊரில் பாதித் தறிகளுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்குகிறவர். தர்மவான். எந்த அளவுக்கென்றால், எங்களுக்குச் சம்பளம் போடும் சிரமத்தைக்கூட அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வந்த பணத்தைத் தன் கையால் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். மாசக் கடைசியில் ஸ்டாம்பு ஒட்டி முழுத் தொகைக்குக் கையெழுத்துப் போடுவோம். கைக்குப் பத்து ரூபாய் குறைவாக வரும். அதற்குக் கட்டட நிதி என்று பெயர். மூன்றாம் வகுப்பில் மழைக்கு மட்டும் தனி வழி இருந்தது, ஓடு இருக்க வேண்டிய இடத்தில்.

யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. வருஷக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் கையெழுத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது, தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உத்தரவுக்காக அம்மா அந்தோணியாருக்கு நவநாள் ஜெபம் பிடித்திருந்தாள்.

பின்னம் நடத்த ஓர் ஆப்பிளை நறுக்கிக் காட்டும்படி பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் ஆப்பிள்! டீக்கடையில் ஒரு பன் வாங்கி வந்து நறுக்கினேன். முழுசு, அரை, கால், அரைக்கால். "அரைன்னா என்ன?" என்று கேட்டேன். "பெரிய பாதிங்களா, சின்னப் பாதிங்களா டீச்சர்?" என்றான் ஒருவன். பாதியில் பெரிசு சின்னது கிடையாது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அதற்குள் பெரிய பாதி காணாமல் போயிருந்தது. அந்தப் பாடம் அத்துடன் முடிந்தது.

பன்னையாவது தின்றுவிட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நயா பைசாவை என்ன செய்வது? அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அரை ரூபாய் எட்டணா, கால் நாலணா, அரைக்கால் இரண்டணா என்று பாதி பாதியாக மடித்துக்கொண்டே போகலாம், எதுவும் மிஞ்சாது. இப்போது ரூபாய்க்கு நூறு. அதைப் பதினாறாகப் பங்கு போட்டால் ஓர் அணாவுக்கு ஆறேகால் வருகிறது. கால் நயா பைசா என்று ஒரு நாணயம் கிடையாது. அதனால் ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று ஓர் அட்டவணை அச்சடித்து அனுப்பினார்கள். அதைச் சுவரில் ஒட்டினேன்.

"அந்தக் காலு எங்கங்க டீச்சர் போச்சு?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண். அம்மாவின் தறிக்குத் தாரில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு, பின்னலில் நூல் பிசிறோடு வருகிறவள். தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "டெல்லியில கேக்கோணும்மா," என்றார். காணாமல் போன பொருள்கள் அந்தோணியார் இலாகா என்பதால் அவரிடமும் சொல்லி வைத்தேன்.

பெஞ்சைக் குறுக்கே போட்டுக் கடை வைத்தேன். புளியங்கொட்டை, நிலக்கடலை, குச்சி ஐஸுக்குப் பதில் விளக்குமாற்றுக் குச்சி. அட்டையை வெட்டிக் காசு செய்தோம். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வாங்குகிறவர்கள். சில்லறை சரியாகக் கொடுக்க வேண்டும், சரியாக வாங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் சமாளித்தார்கள். அந்தப் பெண் மட்டும் நாலணாவுக்கு இருபத்திநாலுதான் கொடுப்பேன் என்று நின்றாள். அட்டவணையைக் காட்டினேன். சரியென்று தலையை ஆட்டினாள். மறுநாளும் இருபத்திநாலு. அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் இருபத்திநாலுக்கு மாறினார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தறிச் சத்தத்தையும் தாண்டும். "கண்ணு எங்க இருக்கு? இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்குல்ல?" என்று கத்தினேன்.

"எங்க ஊட்டுக்கு இருவத்துநாலுதானுங்க டீச்சர் குடுக்கறாங்க," என்றாள்.

"யாரு?"

"மொதலாளி ஊட்டுலீங்க. சனிக்கெழம கூலிக்கு."

பலகையில் எழுதச் சொன்னேன். முரட்டுத் துணிக்குக் கெஜத்துக்கு ஓரணா கூலி. ஓரணாவுக்கு ஆறு. நாலு கெஜம் நெய்தால் நாலு ஆறு இருபத்திநாலு. பதினாறு கெஜத்துக்கு முன்பெல்லாம் முழு ரூபாய் வந்தது, இப்போது தொண்ணூற்றாறு. அணாக்களை முதலில் கூட்டிவிட்டு, பிறகு மாற்றியிருந்தால் ஒன்றும் குறையாது. முதலாளியின் கணக்குப்பிள்ளை ஒவ்வோர் அணாவாக மாற்றிவிட்டு, பிறகு பெருக்கினார். கெஜத்துக்குக் கால் நயா பைசா. நாலு கால் சேர்ந்தால் ஒன்று என்று நான் பன்னை வைத்துச் சொல்லிக் கொடுத்ததை, முதலாளி பன் இல்லாமலேயே கற்றிருந்தார்.

காணாமல் போன கால் எங்கே போனது என்று டெல்லியில் கேட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருந்தால் போதும்.

என் நாக்கு சும்மா இருக்குமா? "அணாவை மொதல்ல கூட்டு, அப்புறம் மாத்து" என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, வகுப்பு முழுக்க ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். பிள்ளைகள் வீட்டில் போய் அதே ராகத்தில் பாடின. அந்தச் சனிக்கிழமை கூலி வாங்கப் போன அப்பன்மார்களும் கணக்குப்பிள்ளை முன்னால் பாடியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை முதலாளியே வந்தார். கதர் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஏனுங்கம்மிணி, அணாவுக்கு ஆறுன்னு கவர்மெண்டே எழுதி ஒட்டியிருக்குதே. நான் ஒண்ணும் புதுசா சொல்லலீங்களே?"

"நாலணாவுக்கு இருபத்தஞ்சுன்னும் எழுதியிருக்குங்க."

"புஸ்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லிக் குடுங்க சாமி. இன்ஸ்பெக்டரு வாராரு. அவரு போனப்பறந்தான் உங்க உத்தரவு எழுதோணும்."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அதற்கு முன் மிரட்டியதில்லை. அன்று சாயங்காலமே தலைமை ஆசிரியர் அட்டவணையைக் கிழித்துவிட்டு அங்கே ஒரு பூகோளப் படத்தை மாட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. புஸ்தகத்தில் இருக்கிறதை மட்டும் நடத்தினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலி, மாலை, கலர் சோடா. பக்கத்து நாற்காலியில் முதலாளி. பூகோளப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, இன்ஸ்பெக்டர் புதுக் காசைப் பற்றித்தான் கேட்பேன் என்றார். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர்கள் எல்லோருக்கும் அதுதான் பைத்தியம். முன்வரிசையில் விரலை நீட்டினார். யாரை என்று சொல்ல வேண்டுமா?

"நாலணாவுக்கு எத்தனை நயா பைசா?"

எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். என் உத்தரவு அவள் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துத் தொலை என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு வாயைத் திறக்கவில்லை. நான் சொல் என்றும் தலையாட்டவில்லை, சொல்லாதே என்றும் தலையாட்டவில்லை.

"பள்ளிக்கூடத்து நாலணாவுங்களா, மொதலாளி ஊட்டு நாலணாவுங்களா?" என்றாள்.

கேலி இல்லை அதில். சரியான விடை சொல்ல வேண்டுமே என்ற கவலைதான்.

இன்ஸ்பெக்டர் சோடாவைக் கீழே வைத்தார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பள்ளிக்கூடத்துல இருவத்தஞ்சுங்க. மொதலாளி ஊட்டுல இருவத்துநாலுங்க. மிச்சம் ஒண்ணு அவீங்களுக்கு."

முதலாளி சத்தமாகச் சிரித்தார். தலைமை ஆசிரியரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடமை தவறாதவர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சோடாவைக் குடித்து முடித்து, ஜீப்பில் ஒரு வாழைத்தாரை ஏற்றிக்கொண்டார். மாணவர்கள் கணக்கை அன்றாட வாழ்க்கையோடு பொருத்திக் கற்றிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆனாலும் ஒரு சர்க்கார் காதில் விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கணக்குப்பிள்ளை அணாக்களைக் கூட்டிவிட்டு மாற்றினார். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜீப்புக்கு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை எங்கள் பெஞ்சுக் கடையில், எதுவும் கேட்காமல் இருபத்தைந்து எண்ணி வைத்தாள்.

மாசக் கடைசியில் சம்பளத்துக்குப் போனேன். முதலாளி ஊஞ்சலில் இருந்தார். ஸ்டாம்பு ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன். கணக்குப்பிள்ளை நோட்டுகளை எண்ணி வைத்தார். வழக்கம் போலப் பத்து ரூபாய் குறைவு. வழக்கம் போல எடுத்துப் பர்சில் வைக்கத்தான் கையை நீட்டினேன். கையை வாய் முந்திக்கொண்டது.

"இது பள்ளிக்கூடத்துச் சம்பளங்களா, உங்க ஊட்டுச் சம்பளங்களா?" என்றேன்.

ஊஞ்சல் நின்றது. அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உத்தரவு வேண்டாமுங்களா அம்மிணி?"

"வேணுங்க. இதுவும் வேணுங்க."

முதலாளி கணக்குப்பிள்ளைக்குக் கண்ணைக் காட்டினார். பத்து ரூபாய் நோட்டு ஒன்று வந்தது. அதை எண்ணத் தேவையில்லை என்றாலும், ஒரு மரியாதைக்கு எண்ணி வாங்கிக்கொண்டேன்.

உத்தரவு வரவில்லை. என் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டதாகத் தலைமை ஆசிரியர் பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டிரங்குப் பெட்டியோடு சேலம் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்வானேன். அப்பாவிடம் என்ன சொல்வது, தம்பிகளின் பீஸை எதில் கட்டுவது என்று ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பர்சைத் திறந்து பார்த்தேன். அந்த ஊரில் நான் வாங்கிய கடைசிச் சம்பளம் அது. முழுசாக வாங்கியதும் அது ஒன்றுதான்.