‘போ’ இல்லாத மொழியில் ஓடிய மோட்டர்

விடிந்ததும் என் கடை வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள். ஒன்று ராசனுடையது, மற்றது அவனுடைய மச்சான் செல்வத்தினுடையது. உடையார்கட்டில் ஒரே குழாய்க்கிணற்றுத் தண்ணீரில்தான் இருவரும் விதைக்கிறார்கள். ஆனால் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

“அண்ணை, நெல்லு குடலையில, கதிர் தள்ளுற நேரத்தில நிக்குது. மோட்டர் ஒருக்கா உறுமிப்போட்டு நிண்டிடுது, ரெண்டு வயல் வால்வில ஒண்டும் திறக்கேல்ல. இண்டைக்கும் தண்ணி போகாட்டி எல்லாம் பதர்தான்!” என்றான் ராசன்.

அந்த மோட்டருக்குக் கொன்ரோல் போர்ட் ஒட்டி, புரோகிராம் எழுதியவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மோட்டருக்குக் கம்பி சுற்றிப் பழகி, போனில் வீடியோ பார்த்துப் புரோகிராம் படித்து, கடைசியில் சொந்தமாக ஒரு புரோகிராம் மொழியே செய்தவன். வன்னியில் வேறு ஆரும் செய்திருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், தேத்தண்ணி என் செலவு.

அந்த மொழிக்கு வேண்டுமென்றே சில கோணல் குணங்கள் வைத்தேன். இடைக்கிடை ‘தயவுசெய்து’ போடாவிட்டால் ஓடாது. கூடப் போட்டால் “கும்பிட்டது காணும், போதும்” என்று நின்றுவிடும். மற்ற மொழிகளில் ஒரு வரி முடிந்ததும் ‘அங்கே போ’ என்று அனுப்பலாம். என்னுடையதில் ‘போ’ கிடையாது. அடுத்து ஓட வேண்டிய வரிதான் ‘அந்த வரி முடிந்ததும் இங்கே வா’ என்று இழுக்க வேண்டும். வாய்க்காலில் மேலே நிற்பவன் தண்ணீரை அனுப்பியா வைக்கிறான்? கீழே இருப்பவன் மண்வெட்டியோடு போய் வெட்டி இழுக்கிறான். அதே கணக்குத்தான்.

ஒரே வரியை இருவர் இழுத்தால் எல்லாம் நிற்கும்.

இவர்கள் தனித்தனியே வந்து, “மோட்டர் ஸ்டார்ட் ஆனதும் முதல் என்ர வயலுக்கு” என்றார்கள். நானும் மறுக்காமல் அந்த ஒரே வரிக்கு இரண்டு ‘வா’ எழுதிவிட்டேன்.

“அவரிட்டச் சொல்லுங்கோ அண்ணை, போனமுறையும் அவர்தான் முதல்,” என்றான் செல்வம், சுவரைப் பார்த்து.

“நான் என்ன டெலிபோன் கம்பமே?” என்றேன்.

ராசனுக்குப் பொறுக்கவில்லை. “டேய், உன்ர வயல் பள்ளமடா! என்ர நிறைஞ்சா வழிஞ்சு உனக்குத்தானே வரும்!”

“வழியிறது காணுமெண்டா நீ பள்ளத்தை எடன்!”

நேராகவே கதைத்துவிட்டார்கள். தேத்தண்ணி ஆறமுதல் முடிவும் வந்தது: இந்தமுறை செல்வம் முதல், அடுத்தமுறை ராசன். வயலுக்குப் போய், ராசனின் ‘வா’வை, செல்வத்தின் வயல் நிறைந்த வரிக்கு மாற்றினேன். மாற்றியது அவ்வளவுதான். மோட்டர் ஓடியது.

செல்வத்தின் வயலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி ராசன் கேட்டான்: “அண்ணை, சாதாரண மொழியில எழுதியிருந்தா ஒரு வயலாவது நேற்றே நனைஞ்சிருக்குமே?”

“ஓம். ஆரின்ர வயல்?”

மச்சான்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்குச் சொல்கிறேன். இரண்டு பேர் இழுக்கிற இடத்தில் மெஷின் நிற்கட்டும். ஆர் முதல் என்பதை ஆக்கள் கதைச்சு முடிக்கட்டும்.