அத்தானுக்காக வாங்கிய துவக்கு

முதல்முறை முயல் வேட்டைக்குப் போனபோது அக்காவின் கணவர் தன் பழைய துவக்கை எனக்கு இரவல் தந்தார். ஒரு முயலும் விழவில்லை. பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருந்த அவர் வீட்டு விருந்துகளில் எல்லாம் அதுவே கதையானது. "இவள் சுட்டால் முயல் நிண்டு பாத்திட்டுத்தான் போகும்" என்பார். உறவினர் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தத் துவக்கின் குறிபார்க்கும் தொலைநோக்கி ஆடுவது அவருக்கு முன்பே தெரியும் என்று அக்கா பிறகு வாய்தவறிச் சொன்னாள்.

அடுத்த கோடையில் சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் விசையை அழுத்த அழுத்தச் சுடும் பளபளப்பான ரகத்தைக் காட்டினார். ஐம்பது மீற்றரில் எது ஒரே இடத்தில் அடிக்கும் என்று மட்டும் கேட்டேன். தடித்த குழலுள்ள, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டும் துவக்கைத் தந்தார். பல கொம்பனிகளின் ரவைகளைச் சுட்டுப் பார்த்து, இலக்குத் தாளில் துளைகள் மிக நெருக்கமாக விழுந்ததைத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் அத்தானின் முகத்தைத்தான் நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் அவருடனேயே காட்டுக்குப் போனேன். அவர் குறி தப்பிய முயலை நான் வீழ்த்தினேன். அந்த ஞாயிறு அதே உறவினர் முன் கறியை அவருக்குப் பரிமாறினேன்.

"தலையிலதான் பட்டது, அத்தான். இறைச்சியில ரவை இருக்காது. உங்கட துவக்கில தொலைநோக்கி ஆடுறது முதலே தெரியுமாமே?"

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்" என்றாள் அக்கா.

மேசை முழுவதும் சிரித்தது. அவர் குனிந்து சாப்பிட்டார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.