ஓய்வெடுத்துவிட்டு வரவும்

தபால்காரம்மாவுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் புயல். பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே சுற்று: நான்கு தெரு, இரண்டு அடுக்குமாடிக் கட்டடம், ஒரு பள்ளிக்கூடம், ஏழு நாய்கள். மற்றவர்கள் இரண்டு மணிக்கு முடிக்கிற சுற்றை அவள் பன்னிரண்டரைக்கே முடித்துவிட்டுக் காலிப் பையோடு வந்து நிற்பாள். வேகமாக நடப்பது அவளுக்கு வேலை மட்டும் இல்லை, வீம்பும்கூட. தெருவில் யாராவது முந்திக்கொண்டு போனால் பொறுக்காது. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் எட்டிப் பிடித்துத் தாண்டிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அந்த வீம்புதான் கடைசியில் அவள் காலை வாரிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் கொரோனா வந்தது. பத்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மருந்துக் கடை மாத்திரையிலேயே இறங்கிவிட்டது. காய்ச்சல் போனது, பழைய ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் சுற்றை முடித்தால் மறுநாள் அடித்துப்போட்டாற்போல் கிடப்பாள். படித்த முகவரியை அடுத்த வாசலுக்குப் போவதற்குள் மறந்துவிடுவாள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கினாற்போல் இருக்காது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிற நோயாளியைப்போல் பாவப்பட்ட ஜென்மம் உலகத்தில் கிடையாது. எதையாவது காட்டி அழவும் வழியில்லை. "புயல் கரையைக் கடந்துடுச்சுப்பா" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். முதல் வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் வருடம் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது. குளிக்கிற நாளில் சமையல் கிடையாது. சமைக்கிற நாளில் துணி துவைப்பது கிடையாது. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. இடுப்புவரை இருந்த தலைமுடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அதைத் துவட்டிச் சீவுவதற்குள் அன்றைய தெம்பில் பாதி போய்விடுகிறது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர். கீழே கிடந்த முடியைக் கூட்டி அள்ளிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. எதைப் பார்த்தும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. கொரோனா வந்து போனவர்களைக் கூப்பிட்டு, வருடக்கணக்கில் தொடர்ந்து சோதித்து எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் பெயர் கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடிதம் வரும். தேதி, நேரம், வசதியான செருப்பு போட்டுக்கொள்ளவும் என்பதெல்லாம் போக, கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: முந்தைய நாள்களில் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வரவும். பிழைப்பே கடிதத்தோடு என்று ஆனவள். கடிதத்தில் போட்டிருப்பதை மீறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துப் படுத்துக் கிடந்துவிட்டு, ஐந்தாம் நாள் இஸ்திரி போட்ட புடவையோடு கிளம்புவாள்.

இந்த முறை போனதில் ஒரு பெரிய காரியம் இருந்தது. தெருச் சுற்றை விட்டுவிட்டு, கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்த வேலை கேட்டிருந்தாள். அதிகாரி கெட்டவர் இல்லை. தாள் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அவ்வளவுதான்.

"மருத்துவக் குழு ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை உட்காருது. அந்த ஆராய்ச்சி டாக்டர்கிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்துருங்கம்மா. இல்லாட்டி முழுச் சுற்றுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

இவ்வளவு நாளும் அவள் சுற்றில் பாதியை மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துக் கொடுத்தார்கள். முழுச் சுற்று என்றால் ஒரு வாரம் தாங்காது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதாவது, படுக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் மாடியில் நீளமான நடைகூடம். முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஆறு நிமிடத்தில் ஒரு கூம்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை தடவை நடக்க முடிகிறது என்று எண்ணுவார்கள். எண்ணுவதற்கு ஒரு ஆராய்ச்சிப் பெண் இருந்தாள், சின்ன வயது, கையில் நேரம் பார்க்கும் கருவி.

"அக்கா, உங்க வேகத்துல நடங்க. முடியலைன்னா நின்னுக்கலாம்."

நின்றுகொள்ளலாமாம்! நான்கு நாள் ஓய்வு காலில் இருந்தது. பெஞ்சுகளில் பத்துப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அதுவும் போதாதென்று, முன்னால் ஒரு வார்டு ஊழியர் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார். சும்மா இருப்பாளா? இரண்டே எட்டில் அவரைத் தாண்டினாள். அதற்குப் பிறகு கால் அதுவாகவே போனது. பதினெட்டு தடவை, ஐந்நூற்று நாற்பது மீட்டர். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கைகூடத் தட்டினார். ஒரு நிமிடம் பழைய புயலாகவே ஆகிவிட்டாற்போல் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பிரமாதம்மா! உங்க வயசுக்கு இது நார்மல். போன தடவையைவிட நாப்பது மீட்டர் கூட."

"டாக்டர், நாளைக்கு என்னால எழுந்திருக்கவே முடியாது."

"கொஞ்சம் அசதி இருக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும்."

"கொஞ்சம் இல்ல டாக்டர்..."

அவர் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். கேள்வித்தாளில் களைப்பு என்ற இடத்தில் 'அடிக்கடி' என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டிருந்தாள். அதற்கு மேல் சொல்ல அந்தத் தாளில் கட்டம் இல்லை. ரிப்போர்ட் கைக்கு வந்தது. நல்ல முன்னேற்றம், நடைத்திறன் இயல்பு நிலையில். அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. வார்டு ஊழியரை முந்தி என்னத்தைக் கண்டாள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை காலை கண்ணைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. கால் இரண்டும் நனைந்த சாக்குபோல் கனத்தன. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கணவர் காபியைக் கொண்டுவந்து வைத்தார். கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தவள் திடீரென்று கேட்டாள்.

"என்னங்க, நேத்து என்னை டாக்டர் பாத்தாரு. இன்னைக்கு என்னை யாரு பாத்தா?"

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க பாத்து என்ன பண்றது? ஒரு வண்டி பிடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உனக்கென்ன பைத்தியமா? இன்னைக்கும் போய் நடந்தேன்னா ரெண்டு வாரம் எழுந்திருக்க மாட்ட."

"படுத்துக்கறேன். புதுசாவா படுக்கப் போறேன்?"

இஸ்திரி போடாத புடவை, சீவாத தலை. லிஃப்டில் கணவர் ஒரு கையையும் கைப்பிடிக் கம்பி ஒரு கையையும் தாங்க, மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆராய்ச்சிப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, உங்களோடது நேத்தே முடிஞ்சிருச்சே. ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான். கம்ப்யூட்டர் எடுத்துக்காதுக்கா."

"கம்ப்யூட்டர் எடுத்துக்க வேணாம்மா. நீ பாரு. அந்தக் கூம்பைக் கொண்டாந்து வை."

அந்தப் பெண் கூம்புகளை எடுத்துவந்து வைத்தாள். முதல் தடவை எப்படியோ போய்விட்டாள். மூன்றாவதில் கை சுவரைத் தேடியது. ஐந்தாவது முடிந்த இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றைம்பது மீட்டர். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. விரலில் மாட்டியிருந்த கருவி இதயத் துடிப்பை நூற்று நாற்பத்தெட்டு என்று காட்டியது. இன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. ஆராய்ச்சிப் பெண் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்னம்மா இது? நேத்து அவ்வளவு நல்லா நடந்தீங்களே?"

"நேத்து நடந்தேன் டாக்டர். அதனாலதான் இன்னைக்கு இப்படி."

"வீட்டுல வேற ஏதாவது கடுமையான வேலை செஞ்சீங்களா?"

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பையிலிருந்த கடிதத்தை உருவி அவர் கையில் திணித்தாள். "நீங்க போட்டிருக்கிறபடி நாலு நாள் படுத்திருந்துட்டுத்தான் வந்தேன். நாலு நாள் படுத்துட்டு வந்தா உங்களைவிட வேகமா நடப்பேன். தபால்காரி நான்! அந்த ஒரு நாளைப் பாத்துட்டு முன்னேற்றம்னு எழுதிக் குடுத்துட்டீங்க. அதுக்கு முன்னால நாலு நாளும் அதுக்குப் பின்னால பத்து நாளும் நான் எங்க போனேன்னு ரெண்டு வருஷத்துல ஒருத்தராவது கேட்டீங்களா?"

டாக்டர் அந்தத் தடித்த வரியை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். நோயாளிகள் சிரமப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அவரே சேர்க்கச் சொன்ன வரி. கெட்ட எண்ணமாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சிப் பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், போன மாசம் ஒரு டீச்சர்கூட, இங்க வர்றதுக்காக ஒரு வாரம் லீவு போட்டு ரெஸ்ட் எடுத்தேன்னு சொன்னாங்க. நான் எழுதிக்கல. எழுத இடம் இல்ல."

"மொத்தம் எத்தனை பேரு நம்ம லிஸ்ட்ல?"

"முந்நூறு பேரு சார்."

டாக்டர் அந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டே எழுந்தார். நேற்று பதிவானதை அழிக்க விதியில்லை என்றார். ஆனால் உள்ளே போய், இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தொடர்ந்து நடக்கிற வேலை இவருக்கு ஆகாது என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். முந்நூறு பேருக்கும் போன் போட்டுக் கேட்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்வதும் காதில் விழுந்தது. தபால்காரம்மாவுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இத்தனை படித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அவள் தரையில் விழ வேண்டியிருந்ததே என்று வயிறு எரிந்தது.

கணவர் சொன்னது அப்படியே பலித்தது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கிடந்தாள். ஸ்பூன் விழுகிற சத்தம்கூடத் தலைக்குள் இடித்தது. அதிலேயே ஒன்பதாம் நாள் வந்தது, மருத்துவக் குழு கூடுகிற வெள்ளிக்கிழமை. சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்பது விதி. தலையைத் தூக்க முடியாதவள் எங்கே போவது? கணவர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே போனார்.

மத்தியானம் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"மூணு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்க ஏன் வரல, ஆளைப் பாக்காம எப்படி முடிவு பண்றதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னைக்கு அவளால இங்க வர முடிஞ்சா, நான் எதுக்கு சார் இந்தக் கடிதத்தைத் தூக்கிட்டு வரப்போறேன்னு கேட்டேன்."

தபால்காரம்மா அவரையே பார்த்தாள். வெளியாளிடம் இந்த மனுஷர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"அப்புறம்?"

"உட்கார்ந்த வேலை குடுத்துட்டாங்க. ஆறு மாசத்துக்கு."

"ஆறு மாசம் கழிச்சு?"

அவர் கடிதத்தை நீவிக்கொண்டே இருந்தார். "நேர்ல வந்து நடந்து காட்டணுமாம்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்குமே தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுதிப் போடுங்க. நான் நடந்து காட்டறேன். மறுநாளும் வருவேன். அவங்களும் மறுநாள் அங்க இருக்கணும்."

அவர் எழுந்துபோய் ஒரு பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்துவந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஆரம்பித்தார்.