சமையலறைச் சுவராக இருந்த படகு

எங்கள் தெருவிலிருந்து படகுத்துறைக்கு நடந்து போனால் சில கடைகள் முன்னாலும் சில வீடுகள் முன்னாலும் ஒரே பச்சை நிறத்தில் தார்ப்பாய்ப் பந்தல் இறக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஓரமெல்லாம் இரட்டைத் தையல், மூலைகளில் பித்தளை வளையம். யாரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. பெரியம்மா வீட்டுப் படகு அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போனது. போகிற வழியில் அங்கங்கே இடித்தது. இடித்ததற்கு ஈடாக அவர் தைத்துக் கொடுத்தவை அவை.

பெரியம்மா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். லாரி ஷெட்டின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, கனத்த ஊசியைத் தள்ளுவார். அவர் செல்லமாகக் கன்னத்தைத் தட்டினால்கூடக் குழந்தைகள் அழும். ஊரில் அவருக்குப் பெயர் தார்ப்பாயக்கா.

படகு பெரியப்பாவுடையது. ஒரு மாதத்தில் பழுது பார்த்து இறக்கிவிடலாம் என்று கரையேற்றி, வீட்டின் பக்கவாட்டில் கட்டைகள்மேல் நிறுத்தினார். அப்போது வழியில் இத்தனை வீடுகள் இல்லை. அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. என்ஜினை விற்றார். ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்கும் படகுக்கும் நடுவில் இருந்த சந்துக்கு மேலே தகரம் வேய்ந்து, முன்னும் பின்னும் செங்கல் வைத்து அடைத்தார்கள். அது சமையலறை ஆனது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் படகு. அதன் மேல்பலகைகளில் வரிசையாக ஆணியடித்துக் கரண்டிகளை மாட்டினார்கள். அடுப்புக்கு நேரே மட்டும் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு தகடு. அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் அவர்களுடைய ஒரே மகள் வளர்ந்தாள். எனக்கு அக்கா.

அக்கா படகோட்டும் உரிமம் வாங்கினாள். அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுகளில் கூலிக்கு ஓட்டினாள். துறையில் படிக்கட்டை ஒட்டிய கல்லில் பதித்த ஓர் இரும்பு வளையம் அவர்கள் குடும்பத்துக்கு உரியது. சொந்த வளையத்தில் சொந்தப் படகைக் கட்டுகிறவர்கள்தான் சொந்தமாக ஆள் ஏற்ற முடியும். வளையம் சும்மா கிடக்கிறதே என்று, துறையில் ஐஸ் கடை வைத்திருக்கும் ஐஸ்காரர் தன் இரண்டாவது படகை அதில் கட்டிவந்தார்.

படகுக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் செயலாளர் அறிவித்தார். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் உரியவர்களின் படகு வந்து நிற்கவில்லை என்றால் அந்த வளையம் ஐஸ்காரருக்கே எழுதிக் கொடுக்கப்படும்.

அக்கா எழுந்து நின்றாள். "எங்களுக்குப் படகு இருக்கு."

"இல்லேன்னு யாரும்மா சொன்னா?" என்றார் ஐஸ்காரர். "அதுலதானே உங்கம்மா கரண்டி மாட்டியிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியம்மா அடுப்பு முன்னால் இருந்தார். கேட்டு முடித்ததும் எழுந்து, ஆணிகளிலிருந்து கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தார்.

"என்ன பண்றே?" என்றார் பெரியப்பா.

"சுவரைக் காலி பண்றேன்."

"பைத்தியமா உனக்கு? இதை உருவினா மேல இருக்கிற தகரம் தலையில விழும்."

"விழட்டும். உங்களோட குடும்பம் நடத்தின தலை. ஒண்ணும் ஆகாது."

கிரேன்காரரை வரச்சொன்னார்கள். அவர் தெருவைப் பார்த்தார், மேலே போகும் மின்கம்பிகளைப் பார்த்தார், சலூன் முனையில் தெரு வளைவதைப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார்.

"அந்தக் காசுக்குப் புதுப் படகே வாங்கிடலாமே," என்றார் பெரியப்பா.

"வாங்குங்க. அது தண்ணியிலயே வந்து நிக்கும். இதுக்குத்தான் நான் வேணும்."

கிரேன் வேண்டாம் என்றார் பெரியம்மா. லாரி ஷெட்காரரிடம் டிராக்டர் கேட்டார், அவருடைய லாரிகளுக்குப் புதுத் தார்ப்பாய் என்று பேசி முடித்தார். மரக்கடையில் உருட்டுக் கட்டைகளுக்கும் அதே ஏற்பாடு. பழைய என்ஜின் ஒன்றுக்கு அக்கா தன் கூலியைச் சேர்த்து வைத்திருந்தாள். பெரியப்பா ஒருநாள் வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு தார் டப்பாவும் கக்கத்தில் ஒரு பொதி பஞ்சுமாக வந்தார்.

சமையலறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம். தகரம் யார் தலையிலும் விழவில்லை. படகை முழுதாக அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். இரண்டு படகுகளைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டவைத்ததுபோல இருந்தது. அடுப்புப் பக்கம் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப் பளபளத்தது. வெயில் பக்கம் சாம்பலாக வெளுத்து, பலகைகள் ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தன. இடுக்குகளில் பெரியப்பா பஞ்சைத் திணித்துத் தார் பூசினார். ஆணிகளைப் பிடுங்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். "பிடுங்கினா ஓட்டை. இருக்கட்டும்."

படகைத் தெருவில் இறக்கிய அன்று டிராக்டர் முன்னால் இழுக்க, நாங்கள் பின்னால் விடுபட்ட கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போட்டோம். வளைவில் படகின் மூக்கு சலூன் பலகையைப் பெயர்த்துக் கீழே தள்ளியது.

"தார்ப்பாயக்கா, என் போர்டு!" என்றார் சலூன்காரர்.

"பந்தல் தைச்சுத் தரேன்."

"போர்டுல கடைப் பேரு இருந்துச்சு."

"பந்தல்ல பேரைத் தைச்சுத் தரேன். மழையில அழியாது."

அடுத்து ஒரு வீட்டுப் படி. அதற்கும் பந்தல். பிறகு மளிகைக் கடையின் தகரக் கூரையோரம். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, இடிபடாத வீட்டிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப்பார்த்து, "எங்க வாசல்லயும் லேசா ஒரு இடி இடிச்சுட்டுப் போங்களேன்," என்றார். டிராக்டர் ஓட்டுநர் சிரித்ததில் வண்டி நின்றுவிட்டது.

துறையில் சரிவு வழியாகப் படகு இறங்கியது. மிதந்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் வெயில் பக்கமாகச் சாய்ந்தது. தாரையும் பஞ்சையும் மீறி இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டது.

"தார்ப்பாயக்கா," என்று தன் படகிலிருந்து குரல் கொடுத்தார் ஐஸ்காரர். "சீக்கிரம் அதுக்கும் ஒண்ணு தைச்சு மூடுங்க."

அக்கா வாளியோடு படகுக்குள் குதித்தாள்.

"அள்ளாதே," என்றார் பெரியப்பா. "இறங்கு. முங்கட்டும்."

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். காஞ்ச பலகை தண்ணி குடிக்காம மூடாது. தாராளமாக் குடிக்கட்டும்."

படகை ஆழமில்லாத இடத்துக்குத் தள்ளி, உள்ளே கற்களை வைத்து அவரே அதை மூழ்கடித்தார். விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. செயலாளர் வந்து பார்த்தார். "படகு வந்து நிக்கணும்னு சொன்னேன். படுக்கணும்னு சொல்லலையே."

"சீசனுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றாள் அக்கா.

நாள் குறைவாகத்தான் இருந்தது. வீட்டில் நாலாவது சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. காற்றடித்தால் அடுப்பு அணைந்தது. பெரியம்மா காலையில் ஷெட்டுக்குப் போகும் முன் துறைக்குப் போய்ப் படியில் நிற்பார். விளிம்பைப் பார்ப்பார். திரும்பிவிடுவார். வேலையில்லாமல் சும்மா தொங்கிய அவர் கைகளை அந்தப் படியில்தான் நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் கற்களை எடுத்துவிட்டுத் தண்ணீரை அள்ளத் தொடங்கினோம். படி நிறைய ஆட்கள். படகு மெல்ல மேலே வந்தது, நேராக. அடித்தளம் தெரிந்ததும் பெரியப்பா உள்ளே இறங்கி, துணியால் துடைத்துவிட்டு, வெயில் பக்கப் பலகைகளை உள்ளங்கையால் தடவினார். இடுக்குகள் மூடியிருந்தன. ஓரிடத்தில் மட்டும் முத்துமுத்தாக ஈரம் கசிந்தது. அங்கே பஞ்சு வைத்து அடித்தார். பிறகு கறுத்த பக்கத்துக்கு வந்தார். வெகுநேரம் தடவினார்.

"இறக்கின அன்னைக்கே இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரல," என்றார். எங்களிடம் சொல்லவில்லை, படியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ரெண்டு பக்கமும் வெயில்ல கிடந்திருந்தா இது விறகு. அடுப்பு ஆவியும் எண்ணெயும் புகையும் ஏத்தி ஏத்தி, ஒருநாள் காயவிடல இவ. பாதிப் படகை என் பொண்டாட்டி காப்பாத்தி வச்சிருக்கா."

அவர் பெரியம்மாவைப் பாராட்டி யாரும் கேட்டதில்லை.

"சமைச்சேன்," என்றார் பெரியம்மா. "வேறென்ன பண்ணேன்."

ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. அதில் எழுந்த சிரிப்பைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்தும் போகவில்லை.

ஐஸ்காரர் வந்து தன் கயிற்றை அவிழ்த்தார். அக்கா தன் கயிற்றை வளையத்தில் கொடுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். செயலாளர் மேல்பலகையில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்.

"கரண்டி மாட்ட," என்றாள் அக்கா. இந்தமுறை கூட்டம் அவளோடு சேர்ந்து சிரித்தது.

இப்போது அந்த ஆணிகளில் பழைய டயர்கள் தொங்குகின்றன, படியில் படகு உரசாமல் இருக்க. ஆள் நெரிசலான நாட்களில் அக்காவின் படகில்தான் முதலில் இடம் நிறைகிறது. கறுத்த பக்கம் உட்கார்ந்தால் நனையாது என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மையில் எந்தப் பக்கமும் நனைவதில்லை. வீட்டில் நாலாவது சுவரைச் செங்கல்லால் எழுப்பிவிட்டார்கள். அதில் ஆணி இறங்கமாட்டேன் என்கிறது என்று பெரியம்மாவுக்குக் குறை.

போன மாதம் ஐஸ்காரர் ஷெட்டுக்கு வந்து நின்றார். தன் படகுக்கும் அதே பச்சையில் ஒரு பந்தல் வேண்டும் என்றார்.

பெரியம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது நான் இடிச்ச இடத்துக்கு மட்டும்தான்," என்றார். "உங்களை நான் இன்னும் இடிக்கலையே. நீலம் இருக்கு, காசு கொடுத்து வாங்கிக்கிறீங்களா?"

அவர் நீலம் வாங்கிக்கொண்டு போனார்.