நகல்: மேலாளருக்கு

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘பிரேக்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வருடம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக். கழித்துப்போட்ட பிரேக் லைனிங்குகளையே துடைத்துச் சாயம் பூசி, புதிது என்று மாட்டும்படி மேலாளர் சொன்னபோது மாட்டேன் என்றார். மேலிடத்துக்கும் எழுதினார். மேலிடம் அந்தப் புகாரை மேலாளரிடமே கொடுத்து விசாரிக்கச் சொன்னது. திருடன் கையில் சாவி. வேலை போனது அவருக்குத்தான்.

வீட்டு வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு, முறைகேட்டைச் சொல்பவர்களைக் காக்கச் சட்டம் வரப்போகிறது என்ற செய்தி தெம்பு தந்தது. அந்தச் சட்டத்தை எழுதும் வரைவுக் குழு சாட்சிகளைத் தேடியது. வெளியே தள்ளப்பட்டவன் பேச்சு எடுபடாது. உள்ளே இருப்பவன் வேண்டும். மனைவியின் தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்த்தான்.

“உன் பேரு வெளியவே வராதுடா. குழுத் தலைவரே போன்ல சொன்னாரு.”

“உங்களை நம்பிப் பொண்ணையே குடுத்தோம் மாமா. இதை நம்ப மாட்டமா?” என்று சிரித்தான் மைத்துனன்.

‘ரகசியம்’ என்று சிவப்பு முத்திரையோடு அவனுக்கு அழைப்பு வந்தது. அடியில் வழக்கமான வரி: நகல், பணிமனை மேலாளருக்கு, தகவலுக்காக.

மறுநாளே அவனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

“நீங்க கெட்டது போதாதுன்னு என் தம்பியையும் நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க,” என்றாள் மனைவி. பிரேக் மைத்துனனுக்கு வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அதை வெளியே எடுத்தது குழுவின் முன்னால்தான். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சாட்சியின் முகம் தெரியாமலிருக்க ஓரத்தில் ஒரு துணித் திரை. மைத்துனனை அதன் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

“யாருகிட்டேருந்துங்க மறைக்கிறீங்க?” கடிதத்தை மேசையில் அறைந்தார் பிரேக். “மேலாளருக்கு நீங்களே தபால் போட்டாச்சே!”

“நகல் போடுறது நடைமுறை சார்,” என்று முனகினார் குழுவின் எழுத்தர். “போடலைன்னா எங்களைக் கேப்பாங்க.”

“வருந்தத்தக்க தவறுதான்,” என்றார் தலைவர். “பதிவு பண்ணிக்கிறோம்.”

“சாட்சியைக் காட்டிக் குடுத்தா ரெண்டு வருஷம் ஜெயில்னு உங்க வரைவுல இருக்கே. அது உங்களுக்கும் உண்டா?”

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். “நல்லெண்ணத்தோட செயல்பட்ட அதிகாரிகளுக்கு அது பொருந்தாது.”

“அப்ப மேலாளரும் நல்லெண்ணத்துலதான் இவன் சோத்துல மண்ணைப் போட்டாரு!”

திரை விலகியது. மைத்துனன் நாற்காலியை இழுத்துவந்து தலைவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

“பேரு, முகவரி எல்லாம் சத்தமாவே சொல்றேன். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? ஆனா முதல்ல வரைவுல அந்த நல்லெண்ண வரியை அடிங்க. அப்புறம்தான் சாட்சி.”

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். பிரேக் சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, வரைவின் மேல் வைத்தார்.

“அடிங்க.”