அஞ்சலை சமைத்த மணல்

குமாரு, செல்வி... உங்கள் அக்கா அஞ்சலையின் விளையாட்டைப் பறித்தவன் நான். உங்கள் அப்பன்தான்.

"அக்காவுக்கு வெளையாடவே தெரியாது, சரியான சிடுமூஞ்சி" என்று நேற்று நீங்கள் இருவரும் சொல்லிச் சிரித்தீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வருடமாகத் திறக்காத வாய்! தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கை இது. எழுத்து கோணலாக வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது ஜப்பான்காரன் காலம். நீங்கள் பிறக்கவில்லை. ரெம்பாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு நின்றுபோனது. மரத்தில் பால் பிடிக்கும் மங்குகள், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அரிசி கண்ணில் படவில்லை. காலையும் மரவள்ளிக்கிழங்கு, மாலையும் மரவள்ளிக்கிழங்கு...

அஞ்சலைக்கு அப்போது மூன்றரை வயது. மூன்று மங்குகளை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சோறாக்குவாள். மணல்தான் அரிசி. ரப்பர் இலைதான் கீரை. ஒரு மங்கிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றப் பார்ப்பாள். சிந்தினால் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஊற்றுவாள். "இது அம்மாக்கு, இது அப்பாக்கு, இது பூனைக்கு" என்று பங்கு வைப்பாள். பூனைக்குக் கொஞ்சம் கூடுதலாக!

அந்தச் சின்னக் கை என்ன பழகிக்கொண்டிருந்தது, அந்தச் சின்ன மனசு என்ன கற்றுக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியுமா? சோம்பேறித்தனம் என்றல்லவா நினைத்தேன்!

ஒரு சாயங்காலம் லயத்து ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலை இரண்டு கையாலும் மணல் மங்கு ஒன்றை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, சோறு ஆயிருச்சு. சூடா சாப்புடுங்க."

பக்கத்து வீட்டு ஆறுமுகம் சத்தமாகச் சிரித்தான். "அடேய் மாணிக்கம்! ஒன் வூட்ல மட்டும் அரிசிச் சோறா? எங்களுக்கும் ஒரு பிடி போடச் சொல்லு லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கும் பசிதான். வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் 'பிள்ளைக்கு ஒரு பிடி சோறு போட வக்கில்லாதவன்' என்றுதான் என் காதில் விழுந்தது.

ஓங்கித் தட்டினேன். மங்கு மேல்தான் தட்டினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை... அவள் கன்னத்திலும் பட்டது.

அவள் அழவில்லை. சிந்திய மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் அம்மா ஓடி வந்தாள். "மூணு வயசுப் புள்ளைங்க! வெளையாடாம வேற என்னாங்க செய்யும்?"

"இருக்கிற கெழங்கையாவது காக்கட்டும்!" என்றேன்.

மறுநாளே செய்துவிட்டேன். மங்குகளைக் கூரைச் சந்தில் செருகினேன். கிழங்குக் கொல்லை ஓரம் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்து, தகரமும் குச்சியும் கொடுத்தேன். குரங்கு வந்தால் தட்ட வேண்டும். இடத்தைவிட்டு எழக்கூடாது. முதல் வாரம் அந்தத் தகரத்தில் தாளம் போட்டுப் பாடினாள். அதற்கும் அதட்டினேன். "கொரங்கு வந்தா மட்டும் தட்டு!"

பாட்டும் நின்றது.

"ஒன் மக கெழவியாட்டம் அடக்கமா இருக்காப்பா" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூட மெச்சினார். எனக்குப் பெருமை! வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன்!

பசி செய்யவைத்தது என்று சொல்லலாமா? சொல்ல ஆசைதான். கிழங்கைக் காக்கச் சொன்னது வேண்டுமானால் பசியாக இருக்கட்டும். அவளுடைய மூன்று மங்குகளைப் பசியா கேட்டது? அந்தத் தாளத்தைப் பசியா நிறுத்தச் சொன்னது?

ஜப்பான்காரன் போனான். அரிசி வந்தது. வீட்டில் முதல் சோறு வடித்த அன்று மங்குகளை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"வெளையாடும்மா," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். மங்குகளைப் பார்த்தாள். குழாயடிக்கு எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவினாள். துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"கழுவிட்டேம்ப்பா. வேற என்னா வேல?"

வேற என்னா வேல...! ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? மூன்று வயதில் பிடுங்கியதை ஏழு வயதில் திருப்பி வைத்தால் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேனே!

பிள்ளைகளே, நீங்கள் ஆடும்போது அக்கா ஓரமாக உட்கார்ந்து உங்கள் துணிகளை மடிக்கிறாள் என்றால், அது கோபமில்லை. அவளைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டிய ஆள் நான். இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேனே, அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? இன்னும் இல்லை.

மங்குகளைக் கழுவி வைத்த அன்று, அவள் வீட்டுக்குள் போனதும் நான் தனியாக லயத்துக்குப் பின்னால் போனேன். ஒரு மங்கில் மணலை அள்ளி, அவள் செய்வதுபோல இன்னொன்றில் ஊற்றினேன். பாதி கீழே சிந்தியது. மிச்சத்தை ஒரு ரப்பர் இலையில் கொட்டி, சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

"நல்லா இருக்கும்மா," என்றேன்.

அங்கே பூனைகூட இல்லை.